நாலு பருக்கை

மச்சான்,

உன்னை ஒரு கட்டமாக வரைந்திருக்கிறார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டரம்மா, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நீல மையால் வரைந்த படம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். இறந்துபோனவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு. நோய் இருந்தவர்கள் என்றால் உள்ளே மை தீட்டிவிடுகிறார்கள். உன் கட்டத்தில் கோடும் இருக்கிறது, மையும் இருக்கிறது. பக்கத்தில் வெறும் வட்டமாக என் தங்கை பிலோமி. நான் அந்தப் படத்திலேயே கிடையாது. உன் இரத்தம் யார் யார் உடம்பில் ஓடுகிறதோ அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான் அதில் இடம், கயிறு பிடித்தவனுக்கு இல்லை.

இன்று காலையில் அந்தத் தாள் என் சட்டைப் பையிலேயே நனைந்துவிட்டது. மை ஊறி உன் கட்டத்தின் ஒரு ஓரம் கரைந்திருக்கிறது. மின்விசிறிக்கு அடியில் காயப் போட்டுவிட்டு, அது காய்கிறவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. நீ இருபத்து நாலோடு நின்றுவிட்டாய். ஆகவே இனி மரியாதை கொடுக்க வேண்டியது நீதான்.

நம் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவனுக்குக் கயிறு பிடிப்பது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி, ஆழத்தில் ஒருவன் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கும்போது, மேலே வள்ளத்தில் இருப்பவன் கை அயர்ந்தால் தீர்ந்தது கதை. சொந்த அண்ணன் தம்பி என்றால் சொத்துப் பிரச்சினை குறுக்கே வரலாம். தங்கை தாலி அறுவதை மட்டும் எந்த அண்ணனும் விரும்ப மாட்டான். அதை யோசித்துத்தான் அந்த வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். பிலோமியைக் கட்டுவதற்கு முன்பே நீயும் நானும் கூட்டாளிகள். கல்யாணம் முடிந்த மறுவாரம் வள்ளத்தில் ஏறியதும் கயிற்றை என் மடியில் போட்டுவிட்டு, "இனிமே என் உசுரு ஒன் கையிலதாம்லே, தூங்கிராத" என்றாய். நான் ஒருநாளும் தூங்கியதில்லை. அதை நீ மறுக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. குளியாள் வெறும் வயிற்றோடுதான் இறங்க வேண்டும். முந்தின நாள் இராத்திரிச் சோற்றுக்குப் பிறகு, விடியலில் வரக்காப்பி ஒரு மடக்கு, அவ்வளவுதான். மத்தியானம் கரை திரும்பிக் குளித்த பிறகுதான் சாப்பாடு. கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவனுக்கு இருந்த பட்டினிக் கட்டுப்பாட்டைவிட இது ஒரு மடக்குக் காப்பி அளவு இளகியது, அவ்வளவே. சோற்று வயிற்றோடு இறங்கினால் குடல் முறுக்கிக்கொள்ளும், அவனுக்கு வரும் கேடு வள்ளத்தையே பிடிக்கும் என்பது நம்பிக்கை. திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு இறங்குகிறவன் வள்ளத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் துரோகி.

யுத்தம் முடிந்த மறு வருஷத்துச் சங்குக் குளி அது. அரிசியை ரேஷனில் அளந்து கொடுத்த காலம். பாதிக் கல்லும் பாதி உமியுமாக, மொத்தையான சிவப்பு அரிசி. தை மாதம் ஒரு காலை, மூன்றாம் தரம் இறங்கிய நீ கயிற்றை அசைத்தாய். இழுத்தேன். வழக்கம்போலச் சங்குப் பையை முதலில் நீட்டாமல், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிற்றை மடக்கினாய். ஏற்றி உட்காரவைத்தோம். காலுக்கிடையில் தலையைத் தொங்கப்போட்டுக் கக்கினாய். மஞ்சள் தண்ணீர். அதில் நாலு சோற்றுப் பருக்கை.

நாலா ஐந்தா என்று இப்போது நினைவில்லை. சிவப்பாக, முழுசு முழுசாக, பலகை மேல் கிடந்தன. வள்ளத்தில் இருந்த பத்துப் பேரும் பார்த்தோம். சம்மாட்டி, அதாவது வள்ளத்துக்காரர், குனிந்து பார்த்தார். பிறகு, "ஏலே, திங்காதவன் வயித்துல சோறு எங்கயிருந்துலே வந்துச்சு?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

நீ மாதா மேல் சத்தியம் பண்ணினாய். சத்தியம் பண்ணியது உனக்கு இன்னும் கேடாகப் போயிற்று. தின்றவன் என்பதோடு பொய்ச் சத்தியக்காரன் என்ற பட்டமும் சேர்ந்தது. பதினைந்து நாள் கரையில் இரு என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். கரையேறியதும் நேரே உன் வீட்டுக்குப் போய்ப் பிலோமியிடம் கேட்டேன். விடியலில் பசிக்கிறது என்றானா, நீ இரக்கப்பட்டுப் பழஞ்சோறு ஏதும் பிழிந்து வைத்தாயா என்று. அவள் அப்போது ஐந்து மாசம். "ராத்திரிச் சோறுதாண்ணே. அதுக்குப் பொறவு அவிய ஒண்ணுமே வாயில வைக்கல" என்றாள். முழுகாமல் இருக்கிற பெண் பொய் சொல்ல மாட்டாள் என்றும் நினைத்தேன், புருஷனுக்காகச் சொல்லுவாள் என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் ஜெயித்தது. நான் பருக்கையைக் கண்ணால் பார்த்தவன்.

பதினைந்து நாளும் உனக்கு வலி விடவில்லை. சாப்பிட்ட ஒரு நாழிகைக்குள் தொப்புளைச் சுற்றிக் கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி வருகிறது என்றாய். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தாய். பிடித்த சாளைமீன் குழம்பைப் பார்த்தாலே தள்ளி உட்கார்ந்தாய். வைத்தியர் குடலேற்றம் என்றார், விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி. தொட்டால் ஒன்றுமில்லை, அவனோ துடிக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? குற்ற உணர்ச்சியில் நடிக்கிறாய் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

இனி வருவதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், ஆகவே சொல்லிவிடுகிறேன். உன்னை மறுபடி வள்ளத்தில் ஏற்றச் சம்மாட்டியிடம் மன்றாடியது நான்தான். அவர் ஒரு நிபந்தனை போட்டார். உன் வாய்க்குக் காவல் நான். பருக்கை மறுபடி வந்தால் இருவரும் இறங்கிவிட வேண்டும். நான் உன் வீட்டிலேயே வந்து படுத்தேன். சாயங்காலச் செபம் முடிந்ததும் சோற்றுப் பானையைத் தூக்கி என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். உன்னைச் சுத்தமானவனாக நிரூபிக்க வேண்டும் என்ற வெறியில் விடியல் காப்பியை நிறுத்தினேன். தண்ணீர்க் குடத்தையும் என் பக்கம் நகர்த்திவிட்டேன். உப்புக்காற்றில், உச்சி வெயிலில், பொட்டுத் தண்ணீர் இல்லாமல் பதினெட்டுத் தடவை, இருபது தடவை இறங்கி ஏறினாய். உதடு வெடித்திருந்தது. "மச்சான், ஒரு வாய் தண்ணி" என்று வள்ளத்தில் வைத்து ஒருநாள் கேட்டாய். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரைக்குப் போயிரலாம், கொஞ்சம் பொறு என்றேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை உன்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஊர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். அங்கேயும் அமுக்கிப் பார்த்துவிட்டு மெத்தென்றுதானே இருக்கிறது என்றார்கள். ரோஸ் நிறத்தில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வியாழக்கிழமை கொல்லைக்குப் போனவன் இரத்தமாகப் போனாய். அதற்குப் பிறகு வயிறு பலகையாக இறுகிவிட்டது. பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். நீ என் மணிக்கட்டைப் பிடித்து, "நான் திங்கலலே. நீயாவது நம்பு" என்றாய்.

அதற்கு நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. "சரி, இப்ப அதுக்கென்ன, நீ தூங்கு" என்றேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போய்விட்டாய். பெரிய வெள்ளியில்லை, சாதாரண வெள்ளிதான்.

பிறகு நடந்ததையெல்லாம் நீ பார்க்கவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். உனக்கு மகன் பிறந்தான். சண்டை வரும்போதெல்லாம் தெருப்பிள்ளைகள் அவனைச் சோத்துக்குச் செத்தவன் மகன் என்றார்கள். பிலோமியை, ஆக்கிப்போட்டே புருஷனை அனுப்பியவள் என்றார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும். அவள் யாரிடமும் வாதாடவில்லை. மறுகல்யாணம் என்ற பேச்சையும் எடுக்க விடவில்லை. வலை பின்னினாள், மீன் விற்றாள், மகனைப் படிக்க வைத்தாள். அவன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து இப்போது ஓய்வுபெறப் போகிறான். அவனுக்கு ஒரே மகள், உன் பேத்தி, ஜெனிபா. உன் மூக்கு. அதற்காக அவள் உன்னைத் திட்டாத நாளில்லை.

போன புரட்டாசியில் ஜெனிபாவுக்கு வயிற்றுவலி வந்தது. கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் முறுக்குகிறது தாத்தா என்று அவள் சொன்னதும் வயிற்றைக் காட்டு என்றேன். தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. அன்றைக்கே கார் பிடித்து மதுரைக்குப் போகலாம் என்று கத்தியது நான்தான். உன் மகன், மாமாவுக்கு வயதாகிவிட்டது என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். ஆனாலும் கிளம்பினான்.

அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், குடலிலிருந்து இரத்தம் திரும்பி வருகிற குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்து அடைத்திருக்கிறது என்றார்கள். நேரத்தோடு வந்தீர்கள், குடல் இன்னும் அழுகவில்லை என்று உறைவைத் தடுக்கிற ஊசியை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துக் கேட்டார். இந்தச் சின்ன வயதில் இது சும்மா வராது, குடும்பத்தில் யாருக்காவது கால் வீங்கியது, மூச்சடைத்துப் போனது, வயிற்றுவலியில் போனது என்று உண்டா? கட்டி இருக்கிற சமயத்தில் இரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டாது, இப்போதைக்கு உங்கள் குடும்பக் கதைதான் எனக்குப் பரிசோதனை என்றார்.

உன் மகன் சொன்னான்: "அப்படி யாரும் இல்ல டாக்டர். எங்கப்பா வயித்துவலியிலதான் போனாவ. ஆனா அது சோறு தின்னுட்டுக் கடல்ல இறங்கினதுல."

ஐம்பது வயதைத் தாண்டியவன். அப்பன் முகத்தைப் பார்க்காதவன். அதையே நம்பிக்கொண்டு வளர்ந்திருக்கிறான். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை மூடப் போனார். மூடினால் அதோடு போயிற்று. பேத்தியின் நோய்க்கு வேர் தெரியாது, உறைவைத் தடுக்கிற மாத்திரையை ஆறு மாசத்தில் நிறுத்துவார்கள், மறுபடி வரும். நான் வாயைத் திறந்தேன். கக்கினாய் என்றேன், நாலு பருக்கை என்றேன். எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். என் தங்கை சொன்னதைச் சொன்னேன். முந்தின இராத்திரிச் சோறு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மச்சான், அதை உண்மை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மாவுக்கு அது ஒரு ஆச்சரியமே இல்லை. "குடலுக்கு ரத்த ஓட்டம் கெட்டா குடல் நகராது, ஐயா. சாப்பிட்டது அப்படியே தங்கிடும். மறுநாள் வாந்தியில வர்றது உண்டு" என்றார். அவ்வளவுதான். உன்னைக் கவிழ்த்த சாட்சி உன் நோயேதான். மெத்தென்ற வயிறும் தாங்காத வலியும் சேர்ந்து வருவதுதான் இதற்கு அடையாளமாம். அதையும் சாதாரணமாகச் சொன்னார்.

பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. உன்னைப் பெற்றவள், உன் தங்கச்சி பிறந்த பத்தாம் நாள், இடது கால் தூணாக வீங்கிப் போய்ச் சேர்ந்தாள். குளிர்ச்சி ஏறிவிட்டது என்றார்கள். உன் அண்ணன் கொழும்புத் தோணியில் கயிறு சுற்றிக்கொண்டு நின்றவன் மூச்சு முட்டி விழுந்தான். நெஞ்சடைப்பு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் கட்டமும் வட்டமும் போட்டு மை தீட்டினார். இரத்தம் தேவைக்கு மேல் உறையாமல் பார்த்துக்கொள்கிற ஒரு சத்து உங்கள் வம்சத்தில் பிறவியிலேயே குறைவாம். பேர் ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது, புரோட்டீன் சி என்கிற அளவுக்குத்தான் என் வாயில் நிற்கிறது. பிறகு எடுத்த பரிசோதனையில் உன் மகனுக்கும் அது குறைவுதான். சிலருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் செய்யாதாம், அவன் அந்த ரகம்.

கிளம்பும்போது ஜெனிபாவுக்குப் புத்தி சொன்னார். மாத்திரையை விடாதே, தண்ணீர் நிறையக் குடி, தாகத்தோடு இருக்காதே, உடம்பு வறண்டால் இரத்தம் உறைவதற்குத் தோதாகிவிடும். நான் கதவருகே நின்று, அந்தக் காலத்தில் அவன் தண்ணீர் குடித்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். அவர் நல்ல பெண். யாராலும் சொல்ல முடியாது ஐயா, அப்போது இந்தப் பக்கம் இதற்கு மருந்தும் கிடையாது என்றார். நானும் தலையை ஆட்டினேன். பொறு என்று நான் சொன்னதுக்கு அது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

ஊருக்கு வந்து பிலோமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குடத்தை நகர்த்தியதன் அர்த்தத்தையும் சேர்த்து. அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கேட்டு முடித்ததும், "அன்னைக்கு நீ கேட்டப்போ நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்காண்ணே?" என்றாள். ராத்திரிச் சோறு, அதற்குப் பிறகு ஒன்றுமே வாயில் வைக்கவில்லை என்று அவள் சொன்ன சொல் மாறாமல் சொன்னேன்.

"அப்ப காதுல விழுந்துதானே இருந்திருக்கு" என்றாள்.

நான் அழுதேன். எழுபத்தைந்து வயதில் மீன் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து அழுவது பார்க்கச் சகிக்காது, ஆனாலும் அழுதேன். அவள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இதை என்னிடம் சொல்லி என்ன, எனக்குத்தான் தெரியுமே, தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்றாள். யாரிடம் சொல்ல? அன்று வள்ளத்தில் இருந்த பத்துப் பேரில் நான் ஒருத்தன்தான் பாக்கி. சம்மாட்டி போய் முப்பது வருஷம் ஆகிறது.

இன்று கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும், நான் உன் கல்லறைப் பக்கத்தில் நின்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இவன் தின்றுவிட்டு இறங்கவில்லை, நான் கயிறு பிடித்தவன், எனக்குத் தெரியும் என்று. சம்மாட்டியின் பேரன் மெழுகுதிரியோடு திரும்பிப் பார்த்தான். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பிலோமியைப் பார்த்தார்கள். சின்னவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மகனுக்குப் புரிந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

மச்சான், நீ திங்கவில்லை. நான் நம்புகிறேன்.

அதற்கு முன்னால், காலையில், கல்லறை கழுவக் குழாயடியில் தண்ணீர் பிடித்தோம். வருஷா வருஷம் குடத்தைத் தூக்குவது உன் மகன்தான். இந்த வருஷம் அவன் குனிந்தபோது பிலோமி அவன் கையைத் தட்டிவிட்டாள். என்னைப் பார்த்து, "அவியளுக்குத் தண்ணி நீ கொண்டுபோய் ஊத்து" என்றாள். ஜெனிபா ஓடிவந்து பிடித்துக்கொள்ளட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். குடம் தளும்பித் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது, பையில் இருந்த நீயும் நனைந்தாய். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், கீழே வைக்கவில்லை.